இதே நாளில், மிகக் குறைந்தது

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி அல்ல. ஊர் எல்லையில் இருக்கும் வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்ப்பது அவள் வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் மளிகைக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே கண்டாலும் நிறுத்திவைத்து, "அக்கா, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். சொல்லிவிட்டுப் போவாள். "நாளைக்கு எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் முகம் கடுத்துவிடும்.

"நான் அளக்கிறவ. வரப்போறதச் சொல்றவங்க தலைமை அலுவலகத்துல இருக்காங்க. அவங்களப் போய்க் கேளு."

இப்படி எரிந்துவிழுவதற்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டு மாடியில் இருந்த ஒருவர், குளிர் வரப்போவது தெரிந்தும் அவள் வாயை மூடிக்கொண்டு புருஷனை வேலைக்கு அனுப்பினாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாடியில் இருந்தவர் அவளுடைய நாத்தனார். கணவனுக்கு மூத்தவர். தாய் இல்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர், அதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தெருமுனையில் கோட்டு தைக்கும் கடை வைத்திருந்தார். கை சுத்தம், வாய்தான் கத்தரிக்கோல். தகப்பனார் வீட்டை இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதிவைத்துப் போனதால், மாடி அக்காவுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. தம்பி கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து படிக்கட்டில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. ஹீட்டரை யார் கூட்டிவைத்தது, வாசல் பனியை யார் வாருவது, கதவை யார் அடித்துச் சாத்தியது என்று ஏதாவது ஒன்று. தம்பிக்காரன் இரண்டு பக்கமும் பேசமாட்டான். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். மாநகராட்சியில் பனி வாரும் லாரி ஓட்டினான்.

அவன் இறந்தது ஒரு ஜனவரியில். ஒரு வாரம் விடாமல் பனி கொட்டிவிட்டு வானம் வெளுத்ததும் குளிர் பிடித்துக்கொண்டது. தலைமை அலுவலகம் குளிர் அதிகமாகும் என்று சொல்லியிருந்தது; அந்த அளவுக்குப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. விடிவதற்கு முன்னால் வெளிவட்டச் சாலையைத் துப்புரவு செய்யப் போனான். வழியில் டீசல் குழாய்க்குள் கூழாகி உறைந்து லாரி நின்றுவிட்டது. வயர்லெஸ்ஸில் பேட்டரி இல்லை. கொஞ்ச நேரம் கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பிறகு தூரத்தில் தெரிந்த பெட்ரோல் பங்க் வெளிச்சத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருக்கிறான். போய்ச் சேரவில்லை.

அதே காலையில் டிகிரி அக்கா நிலையத்து முற்றத்தில் நின்று மைனஸ் முப்பத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் தேதியில் ஊர் அதுவரை கண்டிராத குளிர். உள்ளே வந்து, "சார், ரெக்கார்டு" என்று கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னாள். அதன் பிறகுதான் போன் வந்தது.

அவனைக் கண்டெடுத்தபோது கோட்டு அவன் மேல் இல்லை. சில அடி பின்னால், பொத்தான்கள் அவிழ்க்கப்பட்டு, பனிமேல் கிடந்தது. கையுறைகளும் அப்படியே. நாத்தனார் தன் கையால் இரட்டை உள்துணி வைத்துத் தைத்துக் கொடுத்த கோட்டு. குளிர் எல்லை மீறிப்போனால் கடைசியில் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், ஆள் தானே துணியைக் கழற்றிப் போட்டுவிடுவார், இது நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நாத்தனார் காதில் அது ஏறவில்லை.

"அந்தக் குளிர்ல புத்தி இருக்கிறவன் கோட்டைக் கழட்டுவானா? மனசு விட்டுப் போனவன்தான் கழட்டுவான். காலையில கீழ சத்தம் கேட்டுச்சு. என்ன சண்டை அன்னைக்கு?"

"ஒண்ணுமில்ல, அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா அப்படிக் கத்தினான்?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல."

அந்த "ஒண்ணுமில்ல"தான் இரண்டு பேருக்கும் நடுவில் சுவராக எழும்பி நின்றது.

வானிலை நிலையத்துக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. தினமும் பத்திரிகையின் உள்பக்கத்தில் "இதே நாளில்" என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அந்தத் தேதியில் இத்தனை வருடங்களில் ஊர் கண்ட மிக அதிக வெப்பம், மிகக் குறைந்த வெப்பம், அதிகமாகப் பெய்த பனி, எந்தெந்த வருடம் என்று மூன்று வரி. முதல் நாள் மாலையில் பத்திரிகைக்காரர் போன் செய்வார். பணியில் இருப்பவர் பார்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலும் அது டிகிரி அக்காதான். மற்ற நாட்களில் அவை யாரோ எப்போதோ அளந்த எண்கள். ஜனவரியில் அந்த ஒரு தேதிக்கு மட்டும் தன் புருஷன் செத்த குளிரைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். "மிகக் குறைந்தது, மைனஸ் முப்பத்தொன்று புள்ளி இரண்டு," என்பாள். வருடத்தையும் சொல்வாள். "நன்றிங்க மேடம், நாளைக்கும் நல்ல குளிராமே," என்று அந்தப் பக்கம் சிரித்துவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, அந்தக் கட்டம் கத்தரித்து எடுக்கப்பட்டு அவள் வீட்டுக் கதவில் ஒட்டியிருக்கும். நாத்தனார் வேலை. தையல்காரரின் கத்தரிப்பு, ஓரம் துளி பிசகாமல் இருக்கும். பசையும் சாதாரணப் பசை இல்லை. தோல் ஒட்டுகிற பசை. வெந்நீரில் துணியை நனைத்துத் தேய்த்தாலும் ஒரு வெள்ளைத் திட்டு கதவிலேயே தங்கிவிடும். அடுத்த வருடம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒருமுறை அவள் மாடியைப் பார்த்து, "கதவு உங்க அப்பாவோடதுதான், கெடுத்துக்குங்க" என்று கத்தினாள். "கெட்டுப்போக இன்னும் என்ன பாக்கி இருக்கு?" என்று மேலேயிருந்து பதில் வந்தது. தெருவில் போனவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படியே வருடங்கள் ஓடின. டிகிரி அக்காவுக்குத் தலை நரைத்தது, நாத்தனாருக்கு முதுகு வளைந்தது, பகைக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

பிறகு ஒரு ஜனவரி. அதே தேதிக்கு முந்தின நாட்களில் குளிர் இறங்கிக்கொண்டே வந்தது. முற்றத்தில் பொருத்தியிருந்த எலக்ட்ரானிக் கருவி, கேபிள் விறைத்து வெடித்து, முந்தின நாளே செத்துப்போனது. பழுதுபார்க்கிறவர் சாலை திறந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது வெள்ளை மரச் சட்டப் பெட்டிக்குள் படுக்கை வசமாக வைத்திருந்த பழைய ஆல்கஹால் வெப்பமானிதான். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். குளிர் இறங்க இறங்க அதுவும் இறங்கி, ஆகக் குறைந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். பார்த்து எழுதிய பிறகு குழாயைச் சாய்த்தால் கம்பி அப்போதைய அளவுக்கு வந்துவிடும். சாய்த்துவிட்டால் அது எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி பார்த்தவரின் கண் மட்டும்தான்.

அந்தத் தேதியன்று காலை கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழிக்காமலேயே வேலைக்கு வந்திருந்தாள். பெட்டியைத் திறந்தாள். மூச்சுக்காற்று பட்டால் எண் ஏறிவிடும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கம்பி மைனஸ் முப்பத்தொன்று புள்ளி எட்டில் நின்றது.

மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். புள்ளி எட்டுதான்.

இனிமேல் அந்த வருடத்தை நான் போனில் சொல்லவேண்டாம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால் நம்பமாட்டார்கள் என்பது அடுத்து உறைத்தது. குழாயைச் சாய்க்காமல் உள்ளே போனாள். நிலைய அதிகாரி ஹீட்டர் மேல் காலை நீட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க. பழைய ரெக்கார்டுக்குக் கீழ போயிருக்கு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரு தெர்மாமீட்டர் பாக்க ரெண்டு பேரா? எழுதிட்டு வாங்கம்மா" என்றார்.

அவள் திரும்பிப் போய், இன்னொரு தடவை பார்த்து, எழுதி, குழாயைச் சாய்த்து வைத்தாள்.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே செய்தி. நிலைய அதிகாரி மூக்குவரை துணி சுற்றிக்கொண்டு வெள்ளைப் பெட்டி பக்கத்தில் நிற்கும் படம். நீண்ட நாளாக நின்ற சாதனை முறிந்தது என்று தலைப்பு. அந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, மதியம் நாத்தனார் வானிலை நிலையத்துக்கே வந்துவிட்டார். பஸ் இல்லாத நாள். நடந்தே வந்திருந்தார்; புருவத்தில் பனி உறைந்து ஒட்டியிருந்தது.

"இத யாரு பாத்தது?"

"நான்தான்," என்றாள் டிகிரி அக்கா.

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"மிஷின் இருக்குமே. அது என்ன காட்டுச்சு?"

"அது கெட்டுப்போச்சு."

"உனக்கு வசதியாத்தான் கெட்டுப்போயிருக்கு."

அதிகாரி அறையிலிருந்து எழுந்து வந்தார். யார் இவங்க, என்ன விஷயம் என்று கேட்டார். நாத்தனார் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், இவ புருஷன் செத்த குளிரு அது. என் தம்பி. வருஷா வருஷம் பேப்பர்ல வருதேன்னு இவளுக்கு உறுத்தல். அதான் ஆளில்லாத நேரம் பாத்து ஒரு நம்பர எழுதி அத அழிச்சிட்டா. நான் சும்மா சொல்லல, புகாராவே எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தார். கோட்டுக்கு அளவெடுத்து எழுதுகிற அதே கொட்டை எழுத்தில்.

அதிகாரிக்குத் தன் படம் பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று கவலை வந்துவிட்டது. நாத்தனார் போனதும் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தே கேட்டார்.

"சொந்த விஷயம் கலந்திருக்குன்னா முதல்லயே என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா?"

"கூப்பிட்டேனே சார். நீங்க போன்ல இருந்தீங்க."

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லம்மா."

அவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். வெப்பமானியைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். முடிவு தெரியும்வரை அவள் முற்றத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அலுவலகத்துக்குள் பழைய காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போனார்கள். அவளைத் தொட்டால் தங்கள் அளவுகளும் சந்தேகமாகிவிடும் என்கிற மாதிரி. தெருவிலும் விஷயம் பரவியது. மளிகைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டே, "அக்கா, இன்னைக்கு எவ்வளவு? உண்மையான நம்பரச் சொல்லுங்க" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் வாங்கிய சாமானை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கினாள்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில் முடிவு வந்தது. வெப்பமானியில் கோளாறு இல்லை. சுற்றுவட்டத்தில் இருந்த மற்ற நிலையங்களிலும் அன்று அந்த அளவுக்கே இறங்கியிருக்கிறது. ஆகவே அவள் எழுதியது சரி. புதிய சாதனை நிற்கும். அதிகாரி அதைப் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போகாமல் நேரே மாடி ஏறினாள். கணவன் போன பிறகு அந்தப் படிகளில் அவள் ஏறியதே இல்லை. நாத்தனார் ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய கோட்டுக்கோ கை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முடிவு வந்துடுச்சு, அண்ணி. நம்பர் சரிதானாம்."

"உங்க ஆளுங்க உனக்குத்தான சொல்வாங்க."

"உங்களுக்கு என்னதான் வேணும்? அந்த வரிய வெட்டி வெட்டி என் கதவுல ஒட்டினது நீங்க. இனிமே அது வராது. சந்தோஷம்தான படணும்?"

மிஷின் நின்றது.

"அவன் செத்ததுக்கு இந்த ஊரு என்ன பண்ணுச்சு? லாரிய ரிப்பேர் பண்ணி வேற ஒருத்தன உக்கார வச்சுச்சு. அவ்வளவுதான். வருஷத்துல ஒரு நாள் பேப்பர்காரன் அந்த வருஷத்தப் போடுவான். பேரு இருக்காது. இருந்தாலும் எனக்கு அது அவன்தான். ஊரே அன்னைக்கு அவன ஒரு தடவ படிக்குதுன்னு இருப்பேன். அதையும் பிடுங்கிட்ட."

"குளிர நான் பிடுங்கினேனா? வந்துச்சு, எழுதினேன்."

"அன்னைக்கும் அப்படித்தான். அவன் அங்க விறைச்சுக் கிடக்கான், நீ இங்க எழுதிட்டிருந்த."

டிகிரி அக்கா மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "வருஷா வருஷம் போன்ல அத வாய்விட்டுச் சொல்றது யாருன்னு நினைச்சீங்க? நான் சொல்லித்தான் உங்க பேப்பர்ல வந்துச்சு. சொல்லிட்டு வச்சா அன்னைக்குச் சோறு இறங்காது எனக்கு."

"அப்படி உருகுறவ, இப்பவாவது சொல்லு. அன்னைக்குக் காலையில என்ன சண்டை? கோட்டைக் கழட்டிப் போடுற அளவுக்கு அவன என்ன சொன்ன?"

இத்தனை வருடம் சொன்ன அந்த "ஒண்ணுமில்ல"வை அவள் இந்தத் தடவை சொல்லவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல. அவருதான் சொன்னாரு. இந்தக் குளிர் முடிஞ்சதும் வேற வீடு பாத்துப் போயிடலாம், அக்கா இருக்குற வீட்டுல மூச்சு விட முடியலன்னு. நான் வேண்டாம்னேன். அவங்களுக்கு யாரு இருக்கா, கொஞ்சம் பொறுத்துக்கலாம்னேன். உனக்கு எல்லாத்துக்கும் பொறுமைதான்னு கத்தினாரு. அதுதான் சண்டை. போதுமா?"

நாத்தனார் அவளையே பார்த்தார். கையில் இருந்த துணியை மடித்தார், மறுபடி விரித்தார்.

"பொய்."

"நம்பாட்டிப் போங்க."

"என் தம்பி அப்படிச் சொல்லமாட்டான்."

"சொன்னாரு."

"கீழ போ."

அவள் இறங்கி வந்தாள். மனசு லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. வயிறாரச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் மாடியில் மிஷின் சத்தம் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவன் சொன்னதைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான் நாத்தனாருக்குத் தான் செய்த ஒரே நல்லது என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். அதுவும் இப்போது கையில் இல்லை. ஆனாலும் மேலே போய் ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கோடை பிறப்பதற்குள் நாத்தனார் மாடியை விற்றுவிட்டார். ஊரின் மறுகோடியில் கடையோடு சேர்ந்த ஓர் அறை பார்த்துக்கொண்டார். சாமான் ஏற்றும் நாள் அன்று தையல் மிஷின் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. இரும்பு மேசையோடு சேர்ந்த பழைய மிஷின். சுமக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் கைவிரலை நசுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். டிகிரி அக்கா வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வழியை அடைத்துக்கொண்டு மிஷின் நின்றது. அதற்கு மேல்படியில் நாத்தனார்.

"வழிய விடுங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

"நாங்க என்ன, ஆசைப்பட்டா இங்க நிக்கிறோம்? வாய் பேசாம அந்த மேசைக் காலப் பிடி."

பிடித்தாள். மற்ற ஆள் முன்னால் தாங்க, இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம். "உன் பக்கம் தூக்கு." "தூக்கித்தான் இருக்கேன், நீங்க இறக்குங்க." "எனக்குச் சொல்லித் தர வந்துட்டா." சுவரில் காரை பெயர்ந்தது. எப்படியோ திருப்பித் தெருவுக்குக் கொண்டுவந்து லாரியில் ஏற்றினார்கள். நாத்தனார் மேசைமேல் கை வைத்து மூச்சு வாங்கினார்.

"என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாம் அவன்," என்றார்.

"பயந்தாரு."

"என்னைப் பாத்தா?"

"உங்களப் பாத்துதான்."

நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். லாரி கிளம்பியது.

டிகிரி அக்கா ஓய்வு பெறும்வரை அதே நிலையத்தில் இருந்தாள். அதிகாரி பதவி உயர்ந்து போனார். அடுத்து வந்தவர் வேறு மாதிரியில் கெட்டவர். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசல் பனியை ஒழுங்காக வாரினார்கள், பார்த்தால் வணக்கம் சொன்னார்கள். அவர்களோடு சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கணவனை அறிந்தவர்கள் என்று அந்தத் தெருவில் யாரும் மிச்சமில்லை.

நாத்தனாரை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தாள். அரசு மருத்துவமனையில், கண் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நடைவழியில். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. நாத்தனார் பக்கத்து நாற்காலியில் மட்டும் அவருடைய பை இருந்தது. டிகிரி அக்கா அவரைக் கண்டும் காணாதவள் போலச் சுவரோரம் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"அப்படி நின்னு யாருக்குக் காட்டுற?" என்றபடி நாத்தனார் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரு."

உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் என்ன கோளாறு என்று இவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நாத்தனார் முறை வந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.